ஒற்றைப்படைப் பங்கு

வாஷர் என்று அவனுக்குப் பெயர் வைத்தது சைலன்சர். சைலன்சர் என்று இவனுக்குப் பெயர் வைத்தது ஊர்.

வாஷர் ஒல்லிப்பிச்சான். எந்த இரண்டு பேருக்கு நடுவிலும் நுழைந்து உட்கார்ந்துவிடுவான். அந்த இரண்டு பேரும் முட்டிக்கொண்டால் நசுங்குவதும் அவன்தான். நட்டுக்கும் இரும்புக்கும் நடுவே கிடக்கிற வட்டத் தகட்டுக்கும் இதே பிழைப்பு என்பதால் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சைலன்சருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அவனிடம் அது இல்லாததுதான். அவன் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் அழுகிற குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். ஒருமுறை பயிற்சிப் பள்ளியின் பின்வாசலில் நின்று தும்மினான். முன்வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஸ்டார்ட் ஆகிவிட்டன. அவற்றில் ஒன்றில் பெட்ரோலே இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மிகைப்படுத்தல். கொஞ்சம் இருந்தது.

மெக்கானிக் பயிற்சிப் பள்ளியில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. ஒரே சோப்பில் கை கழுவுவார்கள். ஒரே துண்டில் துடைத்துக்கொள்வார்கள். வாஷரின் கைக்கு வரும்போது அந்தத் துண்டு எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அதை அவன் கவனித்ததில்லை.

கனவும் ஒன்றுதான்: பெரிய ஒர்க்‌ஷாப். ஊரில் இருக்கிற நல்ல வண்டிகள் எல்லாம் நோய் வந்தால் போய்ப் படுக்கிற இடம். வருடத்துக்கு இரண்டு பேரைப் புதிதாக எடுப்பார்கள். ஒரு லிஃப்ட்டுக்கு இரண்டு பேர் என்பது அங்கே வழக்கம். தூக்கி நிறுத்திய வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். அந்த லிஃப்ட்டின் கீழே தானும் சைலன்சரும் நிற்பதை வாஷர் மனதுக்குள் ஓட்டிப் பார்க்காத நாள் இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்பதைக்கூட முடிவு செய்து வைத்திருந்தான்: சைலன்சர் வேண்டாம் என்கிற பக்கம்.

அங்கே சேர வருகிறவன் தன் கருவிகளோடு வரவேண்டும். ஒர்க்‌ஷாப் கொடுப்பது லிஃப்ட், வெளிச்சம், திட்டு ஆகியவை மட்டும். அதனால்தான் வாத்தியார் கடைசி வகுப்பில் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

"முதல் செட்டு உங்க கை மாதிரிடா. யார் கையையாவது இரவல் வாங்கிச் சாப்பிடுவீங்களா? யோசிச்சு எடுங்க."

எல்லோரும் யோசித்தார்கள். வாஷருக்காகவும் சேர்த்துச் சைலன்சர் யோசித்தான்.

"மச்சான், ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்டுல நிக்கப் போறோம். அப்புறம் எதுக்குடா ரெண்டு செட்டு? உன்கிட்டயும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர், என்கிட்டயும் ஒரு பத்து. என்ன, ரெண்டு பத்தையும் வச்சு விளையாடப் போறோமா? ஒரே செட்டு. ஆளுக்குப் பாதி."

"எப்படிப் பாதி?"

"நம்பரை வச்சுத்தான். ஒற்றைப்படை ஒருத்தனுக்கு, இரட்டைப்படை ஒருத்தனுக்கு. இதுல தகராறே வராது பாரு."

ஸ்பானரில் பொறித்திருக்கும் எண், அது பிடிக்கிற நட்டின் அகலம். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று மில்லிமீட்டர் கணக்கில் வரிசையாகப் போகும். வரிசையில் பாதி ஒற்றை, பாதி இரட்டை. இதைவிட நியாயமான பங்கீட்டை வாஷர் கேள்விப்பட்டதில்லை.

"நீ எதை எடுத்துக்கறே?" என்றான்.

சைலன்சர் பெருமூச்சு விட்டான். வகுப்பறை ஜன்னல் சாத்திக்கொண்டது.

"இரட்டைப்படையில என்னடா இருக்கு? எட்டு, பத்து, பன்னெண்டு, பதினாலு. எல்லாம் பொடிசு. ஒற்றைப்படையைப் பாரு. பதினஞ்சு, பதினேழு, பத்தொம்பது, இருபத்தொண்ணு. ஒவ்வொண்ணும் கையில எடுத்தா ஆளையே தூக்கிக் காட்டும். தராசுல வச்சா அந்தப் பக்கம்தான் தாழும்." கொஞ்சம் நிறுத்தினான். "நீ பெரிசை எடுத்துக்க மச்சான். நான் பொடிசை வச்சுச் சமாளிச்சுக்கறேன்."

வாஷருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நண்பன் கிடைக்கத் தான் என்ன செய்தோம் என்று யோசித்தான். அவன் ஒன்றும் செய்திருக்கவில்லை.

இரண்டு வருடம் படித்தவனுக்கு எந்த நம்பர் அதிகம் வேலைக்கு வரும் என்று தெரியாதா என்று கேட்கலாம். பள்ளியில் இருந்தது ஒரே ஒரு என்ஜின். தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, அதன் நட்டுகளுக்கு ஸ்பானரே தேவைப்படவில்லை. விரல் பட்டால் போதும். வயதான நட்டு ஒன்று, வாத்தியார் செருப்புச் சத்தம் கேட்டதும் தானாகவே கழன்று தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த என்ஜினில் படித்தவனுக்கு எந்த நட்டு எந்த நம்பர் என்று எப்படித் தெரியும்? வெளியே ஓடுகிற வண்டிகளில் பத்தும் பன்னிரண்டும் பதினான்கும்தான் திரும்பின பக்கமெல்லாம் இருக்கும் என்பதும், ஒன்பது, பதினொன்று, பதினைந்து எல்லாம் கண்ணில் படுவதே அபூர்வம் என்பதும் புத்தகத்தில் இல்லை. சைலன்சருக்குத் தெரியும். அவன் சித்தப்பா கராஜ் வைத்திருந்தார்.

கருவிக் கடைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். கடை அகலம் குறைவு, நீளம் அதிகம். உள்ளே போகப் போக இருட்டு. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அலமாரி. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

சைலன்சர் ஒரு நிமிடத்தில் தன் பங்கை வாங்கி முடித்துவிட்டான். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று கடைக்காரர் கை பார்க்காமலே எடுத்துப் போட்டது. வாஷர் அப்படியில்லை. ஒவ்வொன்றையும் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். ஒரு முனை வளையம், மறுமுனை திறந்த வாய், நடுத்தண்டில் நம்பர். விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டான். வாயின் இரண்டு உதடும் ஒரே கனமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பத்தொன்பதைக் கையில் எடுத்தபோது அது உள்ளங்கையில் குளிர்ச்சியாக, கனமாக, தூங்குகிற பூனை மாதிரி படுத்துக்கொண்டது. அதைக் கீழே வைக்க அவனுக்கு மனமே வரவில்லை.

"அடுத்து?" என்றார் கடைக்காரர்.

"பதினொண்ணு."

கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு இறங்கியது.

"என்னது?"

"பதினொண்ணுங்க."

கடைக்காரர் உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. ஏணி நகர்கிற சத்தம் கேட்டது. இருமல் சத்தம் கேட்டது. எதையோ தள்ளி விழவைத்துவிட்டு அதோடு பேசுகிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்தபோது தலைமுடி நரைத்திருந்தது. தூசி என்று அப்புறம் தெரிந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு ஸ்பானரை மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான். எங்கப்பா காலத்துச் சரக்கு. இதை விலை கேட்ட முதல் ஆளு நீதான் தம்பி." சைலன்சரை ஒரு பார்வை பார்த்தார். வாஷரை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"கட்டிக் குடுங்கண்ணே, நேரமாச்சு!" என்றான் சைலன்சர். அலமாரியில் இருந்த ஆணி டப்பாக்கள் நடுங்கின.

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு கட்டிக் கொடுத்தார்.

வாஷரின் அக்கா வேலை பார்ப்பது செருப்புக் கடையில். சாயங்காலம் வந்தவள், தரையில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் ஸ்பானர்களை வரிசையாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய சிவப்பு நகப்பூச்சுக் குப்பி திறந்து கிடந்தது.

"டேய், அது என்னோடது!"

"அடையாளம் வைக்கறேன்க்கா. ஒர்க்‌ஷாப்புல மாறிப் போயிடக்கூடாதுல்ல? ரெண்டு பேர் செட்டுக்கும் ஒரே கலர். அவனோடதுக்கும் நான்தான் வச்சுக் குடுத்தேன்."

ஒவ்வொரு ஸ்பானரின் கழுத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு. அக்கா குனிந்து நம்பர்களைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"எட்டு எங்கே? பத்து எங்கே?"

"அவன்கிட்ட."

"உனக்கு மரை கழண்டு போச்சாடா? ஒரு ஜோடிச் செருப்புல ஒத்தைச் செருப்பை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கே."

"இன்னொண்ணு அவன் கால்ல இருக்குக்கா. நாங்க ஒண்ணாத்தானே நடக்கப் போறோம்."

அக்கா நகப்பூச்சை மூடி எடுத்துக்கொண்டாள். "ஒண்ணா நடந்தாப் போதாதுடா. ஒரே பக்கமா நடக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று வாஷர் நினைத்துக்கொண்டான்.

தேர்வு பெரிய ஒர்க்‌ஷாப்பிலேயே காலையில் நடந்தது. ஃபோர்மேன் கட்டையும் குட்டையுமாக, கழுத்தே இல்லாமல், தலையை நேரடியாக உடம்பில் வைத்துத் திருகியதுபோல இருந்தார். பையன்களை வரிசையாக நிறுத்தினார்.

"முன் சக்கரத்தைக் கழட்டணும். பிரேக் கட்டையை வெளிய எடுக்கணும். எங்கிட்டக் காட்டிட்டுத் திரும்ப மாட்டணும். அவ்வளவுதான். இந்த வருஷம் ஒரு ஆளுதான் எடுக்கறோம்னு உங்க வாத்தியார்கிட்டச் சொல்லி விட்டிருந்தேன். தெரியுமில்ல?"

"தெரியும் சார்" என்றார்கள் எல்லோரும்.

வாஷருக்குத் தெரியாது. வாத்தியார் அதை எல்லோருக்கும் சொல்லிவிடும்படி சைலன்சரிடம்தான் சொல்லியிருந்தார்; அவன் குரல் இருக்கும்போது அறிவிப்புப் பலகை எதற்கு? பள்ளி முழுக்கக் கேட்கும்படி சொன்னவன், பக்கத்தில் இருந்தவன் காதில் மட்டும் அது விழாமல் எப்படிச் சொன்னான் என்பது இன்றுவரைக்கும் யாருக்கும் விளங்காத அதிசயம். அன்று வாஷரைத் தேநீர் வாங்க அனுப்பியிருந்தான் என்று சிலர் சொல்வார்கள்.

வாஷர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். சைலன்சர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

'மறந்திருப்பான்' என்று வாஷர் நினைத்தான். ஒரு ஆள் என்றால் சைலன்சரே போகட்டும், அடுத்த வருடம் நாம் வரலாம் என்றுகூட நினைத்தான். இதை யாரிடமும் அவன் சொன்னதில்லை.

முதலில் சைலன்சரைக் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியோடு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். சக்கரத்து நட்டு பத்தொன்பது. பார்த்த உடனேயே வாஷருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பத்தொன்பதோடு இத்தனை நாள் பழகியவன் அல்லவா. அது யார் பங்கு என்பதும் தெரியும். வரிசையிலிருந்து விலகி, தன் பெட்டியைத் திறந்து, அந்தப் பூனைக்குட்டியை எடுத்துத் துடைத்து, நாலு எட்டு முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"இந்தா மச்சான்."

சைலன்சர் தன் பெட்டியின் மேல் தட்டைத் தூக்கினான். அதன் அடியில் ஒரு துணி. துணிக்கு அடியில் பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று. புத்தம்புதிதாக. பத்தொன்பதை எடுத்து நட்டில் மாட்டினான். அதன் கழுத்தில் சிவப்புப் பொட்டு இல்லை.

வாஷர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதை எப்படி மடக்குவது என்று அவனுக்கு மறந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஆயிரம் சத்தம். ஒன்றும் அவன் காதில் விழவில்லை. ஒரு ஆள் வந்து அந்தக் கையில் தன் தொப்பியை மாட்டிவிட்டு வேலைக்குப் போனான் என்று சொல்வார்கள். ஸ்பானர் பிடித்த கையில் தொப்பி எப்படி நிற்கும்? அது பொய். அழுக்குத் துணியைத்தான் போட்டான்.

சைலன்சர் சக்கரத்தைக் கழற்றி, பதினான்கால் பிரேக் போல்ட்டைக் கழற்றி, காட்டிவிட்டு, மாட்டிவிட்டு எழுந்தான். ஃபோர்மேன் தலையை ஆட்டினார். அவருக்குத் தலையை ஆட்ட வேண்டுமென்றால் உடம்பும் சேர்ந்து ஆடும்.

அடுத்து வாஷர். சக்கரம் நொடியில் வந்துவிட்டது. பிரேக் போல்ட்டைப் பார்த்தான். பதினான்கு. அவனிடம் இருந்தது பதின்மூன்று, பதினைந்து. ஒன்று போகாது, ஒன்று நிற்காது.

"மச்சான்" என்றான் மெதுவாக. "பதினாலு குடு."

சைலன்சர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். வாஷரைப் பார்க்கவில்லை. ஃபோர்மேன் பக்கம் திரும்பி, ஒழுக்கமான பிள்ளையின் குரலில், ஒர்க்‌ஷாப் கூரை அதிரக் கேட்டான்:

"சார்! இரவல் குடுக்கலாமா சார்?"

"கூடாது" என்றார் ஃபோர்மேன்.

"கூடாதாம்டா" என்றான் சைலன்சர் வருத்தத்தோடு.

வாஷர் சுற்றிலும் பார்த்தான். காலி ஆயில் டின் ஒன்று கிடந்தது. அதன் ஓரத்துத் தகட்டைக் கிழித்தான். நாலாக மடித்தான். பதினைந்தின் வாய்க்கும் போல்ட் தலைக்கும் நடுவே செருகி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். போல்ட் கிறீச்சிட்டது, அசைந்தது, வந்துவிட்டது. பிரேக் கட்டை கையில். விரலில் தகடு கிழித்த ரத்தம்.

ஃபோர்மேன் போல்ட்டை வாங்கி அதன் தலையைத் தடவிப் பார்த்தார். முனைகள் மழுங்கியிருந்தன.

"இது என்ன வேலை?"

"பதினாலு இல்ல சார்."

"பதினாலு இல்லாம மெக்கானிக் வேலைக்கு வந்தியா? குடையில்லாம மழையில வரலாம், காலில்லாம வர முடியுமா? பெட்டியில என்னதான் இருக்கு?" எட்டிப் பார்த்தார். ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தே பழக்கமில்லாதவர் என்பதால் அது தும்மல் மாதிரி வந்தது. "தகடு செருகிக் கழட்டறவனை உள்ள விட்டா இந்த ஒர்க்‌ஷாப்புல ஒரு போல்ட்டுக்கும் தலை இருக்காது. போ."

வாஷர் நேராகக் கருவிக் கடைக்குத்தான் போனான்.

"திருப்பி எடுத்துக்கறீங்களா?"

"தம்பி, அந்தப் பதினொண்ணு இந்தக் கடையை விட்டுப் போனதுல என் அலமாரிக்கே மூச்சு வந்திருக்கு" என்றார் கடைக்காரர். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கே சொல்லலாம்னு வாயெடுத்தேன். உன் கூட வந்தானே, அவன் அதுக்கு முந்தின நாளே தனியா வந்து பதினேழு, பத்தொம்பது, இருபத்தொண்ணு வாங்கிட்டுப் போயிட்டான். 'நண்பன்கிட்டச் சொல்லாதீங்கண்ணே, ஆச்சரியப்படுத்தப் போறேன்'னான். சரி, பாசக்காரப் பய, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"ஆச்சரியப்பட்டேங்க" என்றான் வாஷர்.

விஷயத்தைக் கேட்ட அக்கா நகப்பூச்சுக் குப்பியை எடுத்து ஜன்னல் மேல் அவனுக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பஞ்சர் கடை. அதன் சொந்தக்காரருக்குக் காத்தண்ணன் என்று பெயர். பம்பு கெட்டுப்போன அன்று வாயாலேயே ஊதி ஒரு லாரியை அனுப்பிவைத்தவர். லாரிக்காரர் அடுத்த ஊரில் அழுத்தம் சோதித்தபோது கொஞ்சம் அதிகமாகவே இருந்ததாம். அவர், வேலை கேட்டுப் போன வாஷரின் பெட்டியைத் திறந்து பார்த்தார். சக்கரத்து நட்டுகள் பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று, எல்லாம் ஒற்றைப்படை.

"பஞ்சர் கடைக்குன்னே வாங்கின மாதிரி இருக்கேடா" என்றார். "எவன் எடுத்துக் குடுத்தான் உனக்கு?"

"என் நண்பன்."

"நல்லா இருக்கட்டும்" என்று மனதார வாழ்த்தினார் காத்தண்ணன். வாஷர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அங்கே அவன் சக்கரம் கழற்றினான், மாட்டினான். சக்கரத்துக்கு உள்ளே இருப்பது எதையும் தொடுவதில்லை. பெரிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து காற்று இந்தப் பக்கம் அடித்தால் சைலன்சர் பாடுவது கேட்கும். அப்போதெல்லாம் வாஷர் காற்றடிக்கிற பம்பைப் போட்டுவிடுவான். தேவையில்லாத டயர்களும் அந்தக் கடையில் கல்லு மாதிரி இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒருநாள் மத்தியானம் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். "மச்சான்." குரல் அவ்வளவு தணிவாக இருந்ததால் யாரென்று வாஷருக்குத் தெரியவில்லை. திரும்பினான். சைலன்சர்.

"அந்தப் பதினொண்ணு... இருக்கா?"

விஷயம் இதுதான். எந்த நாட்டிலோ செய்த பழைய வண்டி ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தது. அதன் பிரேக் குழாயின் நட்டு பதினொன்று. ஒர்க்‌ஷாப் முழுக்கத் தேடியாகிவிட்டது, யாரிடமும் இல்லை. கடைக்காரர், இருந்த ஒன்றை யாரிடம் விற்றேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒரு நிமிஷம் குடு மச்சான். ஓடிப் போயி ஓடி வந்துடறேன்."

"இரவல் குடுக்கலாமான்னு உங்க சார்கிட்டக் கேட்டியா?"

சைலன்சர் தரையைப் பார்த்தான். "இன்னுமாடா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே? அன்னிக்கு என் நிலைமை..."

"நட" என்றான் வாஷர். "அது என் கூடத்தான் வரும்."

இருவரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். வாஷருக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

லிஃப்ட்டில் வண்டி நின்றது. ஃபோர்மேன் அடியில் நின்றார். அந்தக் குழாய் நட்டில் ஒரு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பானருக்கும் நட்டுக்கும் நடுவே நாலாக மடித்த ஒரு தகடு. வாஷர் அதைப் பார்த்தான். ஃபோர்மேன் கூரையைப் பார்த்தார்.

வாஷர் தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தான். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்துப் பதினொன்றை எடுத்தான். அதன் கழுத்தில் சிவப்புப் பொட்டு இன்னும் அப்படியே இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு நட்டையும் தொடாத ஸ்பானர் அல்லவா. அது நட்டில் போய் உட்கார்ந்தது. ஒரு சின்ன இழுப்பு. நட்டு முனகாமல் திரும்பியது.

ஃபோர்மேனின் முகம் மலர்ந்தது. "பய சுத்தமாச் செய்யறானே! டேய், நாளையிலிருந்து வந்துடு. ஒரு ஆளு குறையுது. ரெண்டு பேரும் இதே லிஃப்ட்டுல நில்லுங்க. செட்டும் முழுசாயிடும்."

சைலன்சர் வாஷரின் தோளில் கையைப் போட்டான். பழைய சோப்பின் வாசனைதான் அடித்தது.

"நான் அப்பவே சொன்னேனே சார்! எங்க ரெண்டு பேருக்கும் ஒரே செட்டுதான். பாதி என்கிட்ட, பாதி இவன்கிட்ட. சின்னதிலிருந்தே அப்படித்தான்!" குரல் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. லிஃப்ட்டில் நின்ற வண்டியின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

இத்தனை நாள் மனதுக்குள் பார்த்த இடம் இதுதான். இதே லிஃப்ட். இதே தோள். வாஷர் குனிந்தான். சைலன்சரின் பெட்டி திறந்து கிடந்தது. இப்போது மேல் தட்டும் இல்லை, துணியும் இல்லை. எட்டிலிருந்து இருபத்தொன்று வரை எல்லாம் வெட்டவெளிச்சமாக வரிசையில் இருந்தன. எட்டிலும் பத்திலும் பன்னிரண்டிலும் அவன் வைத்த சிவப்புப் பொட்டைக் காணவில்லை. யாரோ மெனக்கெட்டுச் சுரண்டி எடுத்திருந்தார்கள். வரிசையில் ஒரே ஒரு இடம்தான் காலி: பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். ஒல்லியான இடம்.

வாஷர் தோளைக் குறுக்கி அந்தக் கையிலிருந்து நழுவி வெளியே வந்தான். பதினொன்றைத் துடைத்தான். காகிதத்தில் சுற்றினான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

"டேய், எங்கடா போறே?" என்றார் ஃபோர்மேன். "கழட்டினது அப்படியே நிக்குது! பூட்டறது யாரு?"

"தகடு உங்க கையிலதான் இருக்கு சார்" என்றான் வாஷர், திரும்பாமல்.

அந்த வண்டி இன்னமும் அந்த லிஃப்ட்டில்தான் நிற்கிறது. பன்னிரண்டு நிற்காமல், பத்து போகாமல், கீழே இறக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். போன மழைக்கு அதன் முன் சீட்டில் ஒரு பறவை குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் சைலன்சர் குரலைக் கேட்டே வளர்ந்ததால் கத்தத் தெரியாமல் ஊமையாகிவிட்டன. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். பறவை இருக்காது, வண்டி இருக்கும்.

அன்று வாஷர் பஞ்சர் கடைக்குத் திரும்பியபோது காத்தண்ணன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா, வேலை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"பின்னே ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

வாஷர் கீழே உட்கார்ந்து ஒரு சக்கரத்தை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டான். வலது கையை மடக்கிப் பார்த்தான். மடங்கியது.

"பதினொண்ணுக்குத்தான் குடுத்தாங்கண்ணே" என்றான். "எனக்கு இல்ல."